நீலமூடிப் போத்தல்

நல்ல முட்டை அனுப்புவதில் என் பெரியம்மா கண்ணகையை மிஞ்ச ஆளில்லை. விசாரணை என்று அழைத்திருக்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன். படுவான்கரையிலிருந்து பஸ்ஸில், உமிக்குள் புதைத்து, ஒன்றுகூட உடையாமல் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேரும். ஓட்டில் சிறு சதுரம் வெட்டி, கருவைச் சுற்றிக் குருதிக்கலன்கள் கிளைவிடுவதைப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி.

“என்ட முட்டைக்குள்ள என்ன புள்ள பாக்கிறாய், மாப்பிளையா?” என்று பெரியம்மா சிரிப்பார்.

நான் சோதித்த கண்டல் மரத்து இலைச் சாறு பட்ட இடங்களில் புதிய கலன்கள் கிளைத்தன. பேராசிரியர் படங்களைப் புரட்டிவிட்டு, “முட்டையில சரி, ஆக்களில என்ன நடக்கும்? கலனை வளரச் சொல்லுற சமிக்ஞையாலதான் சாறு வேலை செய்யுது எண்டா, சமிக்ஞையை மறிச்சும் காட்ட வேணுமே,” என்றார். ஆட்களில் செய் என்று அவர் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய தகப்பனும் பேராசிரியர். என் தகப்பன் நெல்வயல் வட்டையில் கூலிக்கு அரிவி வெட்டியவர். கேட்பது அவருக்குச் சுலபம். பதில் இல்லாவிட்டால் வட்டைக்குத் திரும்ப வேண்டியவள் நான்.

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பெரியம்மாவும் அடுத்த வளவு ஆச்சிப்பிள்ளை மாமியும் தீ மிதித்தார்கள். இருவருக்கும் சீனி வருத்தம். பாதம் மரத்திருந்ததால் சுட்டதே தெரியவில்லை. நேர்த்தி பிழைத்தவருக்குத்தான் கால் சுடும் என்பது ஊர்ப்பேச்சு. ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகாமல், புண்ணை மறைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். ஒரே நாள், ஒரே தீ, ஏறக்குறைய ஒரே அளவு புண். ஆராய்ச்சியில் இப்படி அமைவது அபூர்வம்.

மாமிக்கு வெள்ளைமூடிப் போத்தல், பெரியம்மாவுக்கு நீலமூடி. கிழமைக்கு ஒருமுறை போய் அளந்தேன். மூன்றாம் கிழமையில் மாமியின் புண் மூடத் தொடங்கியது. பெரியம்மாவின் புண் கறுத்தது.

“ஆச்சிப்பிள்ளைக்கு ஆறிட்டு. எனக்கு மட்டும் ஏன் புள்ள இப்பிடி? அம்மாளுக்கு என்னில என்ன கோவம்?”

“பொறுங்க பெரியம்மா. மறுகா சரியாகும்,” என்றேன்.

நீலமூடியில் வெறும் எண்ணெய் என்று நேற்று உங்களிடம் சொன்னது பொய். மாமியின் போத்தலில் இருந்த அதே சாறு அதிலும் இருந்தது. சமிக்ஞையை மறிக்கும் மருந்தும் இருந்தது. முட்டையில் அதை இட்டபோது கலன்கள் வாடின, கரு செத்தது. தெரிந்துதான் கொடுத்தேன். ஏன் பெரியம்மாவுக்கு என்று கேட்டால், ஒரு கிழமையில் புண் ஆறாவிட்டால் மாமி போத்தலைத் தூக்கி வீசிவிடுவார். பெரியம்மா என் சொல்லை ஒருநாளும் தட்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் பெரியம்மாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கிருமி இரத்தத்தில் ஏறிப் பதினோராம் நாள் இறந்துபோனார். அதற்கு முன் வைத்தியர் காலில் என்ன பூசினீர்கள் என்று கேட்டபோது, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “நல்லெண்ண,” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். திருத்தவில்லை.

சம்மதப் பத்திரம் எங்கே என்று கேட்கிறீர்கள். போத்தலைக் கையில் கொடுத்த அன்று பெரியம்மா சொன்னார்: “நீ தந்தா நஞ்செண்டாலும் பூசுவன் புள்ள.” திகதி, நேரம் போட்டு அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடத் தெளிவான சம்மதம் எந்த ஆராய்ச்சியில் இருக்கிறது?