யோசப்புக்கு விட்ட இடம்

இரவு ஒன்பதேகால். ஏரிக்கரையிலுள்ள போர்ட் டோவரிலிருந்து வடக்கே வரும் ஆறாம் நம்பர் வீதி. இரண்டு பக்கமும் உழுதுவிட்ட புகையிலைக் காணிகள். விளக்கில்லை. ஆளில்லை... ஒரேயொரு வான் மட்டும்.

ஓட்டியவர் பஸ்ரியன். என்னோடு பதினொரு வருடம் ஒரே தொழிற்சாலையில் நின்றவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். பக்கத்தில் மனைவி வேரோனிக்கா. பின் இருக்கையில் ஒருவரும் இல்லை. அவர்களுக்குப் பிள்ளைகளும் இல்லை.

2009, மே 18, திங்கட்கிழமை. இங்கே விக்ரோறியா தின விடுமுறை. முள்ளிவாய்க்காலில் அது என்ன நாள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"அண்டைக்கோ ஊர் சுத்திப் பாக்கப் போனவை?" என்று கேட்கிறார், என் பக்கத்திலிருந்து இந்தக் கதையைக் கேட்கிற இராஜரட்ணம் அண்ணை. பஸ்ரியனும் அதைத்தான் கேட்டாராம்.

வேரோனிக்காவின் தம்பி யோசப் வன்னியில். ஒவ்வொரு விக்ரோறியா தினத்துக்கும் இவர்கள் ஏதாவது ஓர் ஊருக்குப் போய்ப் படம் எடுப்பார்கள். எடுக்கும்போது வேரோனிக்கா தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விடுவார். பிறகு ஸ்ரூடியோக்காரர் அந்த இடத்தில் யோசப்பை ஒட்டிக் கொடுப்பார். எங்கள் வீட்டுக் கலியாணப் படங்களிலும் இப்படி வராதவர்கள் எத்தனை பேர் வந்து நிற்கிறார்கள்... நயாகராவிலும் யோசப் நிற்பார், வண்ணத்துப்பூச்சித் தோட்டத்திலும் நிற்பார். எங்கேயும் அதே நீலச் சேட்டு, அதே சிரிப்பு.

யோசப் கலியாணம் கட்டிய மூன்றாம் மாதம், 2008 ஆவணியில், கடைசியாகக் கதைத்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

"இந்த வருசம் வேண்டாம், வேரோ" என்றார் பஸ்ரியன்.

"போகாட்டி, அவன் இல்லையெண்டு நாங்களே முடிவு கட்டின மாதிரி."

போனார்கள்.

போர்ட் டோவர் இறங்குதுறையின் நுனியில் வெளிச்சவீடு. அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவரிடம் கமராவைக் கொடுத்தார்கள். பழைய பிலிம் கமரா. கிழவர் அதற்குள்ளால் பார்த்தார்... இறக்கினார்... திரும்பவும் பார்த்தார். அழுத்தினார். கமராவைத் தரும்போது தன் தோளில் கிடந்த துவாயையும் சேர்த்து நீட்டினார். ஏன் என்று கேட்பதற்குள் தூண்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இனி அந்த வீதிக்கு வாருங்கள்.

முதலில் மணம். உப்பும் வெடிமருந்துப் புகையும். பிறகு பின்னாலிருந்து ஒரு சத்தம்... ஓர் ஆண்குரல், யாரையோ அமர்த்துவதுபோல மிக மெதுவாக... "ச்சூ... ச்சூ..."

பஸ்ரியன் வானை ஓரங்கட்டிப் பின்கதவை இழுத்தார். ஆளில்லை. இருக்கை நனைந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு. அந்த ஏரித் தண்ணீரில் உப்பில்லை.

"உது வேர்வையாயிருக்கும்" என்கிறார் இராஜரட்ணம் அண்ணை.

சீற்று வேர்க்குமோ, அண்ணை?

வேரோனிக்கா திரும்பிப் பார்க்கவேயில்லை. "கதவைச் சாத்துங்கோ" என்றார். "பின்னுக்குக் குளிரும்."

ஒன்பதாம் நாள் ஸ்ரூடியோக்காரர் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, தம்பியை ஒட்ட இடமில்லையே. வேறை ஆரோ நிக்கிறார். அவரை அழிச்சுப்போட்டு ஒட்டட்டோ?"

"தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ரியன் வேலையால் அப்படியே ஓடினார்.

அந்தப் படத்தை நானும் பார்த்தேன். நீலச் சேட்டு இல்லை. இடுப்பில் ஈரச் சாரம் மட்டும். முப்பத்தொரு வயதில் தலை முழுக்க நரை. ஸ்ரூடியோக்காரருக்கு எப்படி அடையாளம் தெரியும்... அக்காவுக்குத் தெரிந்தது. யோசப்பின் கையில் ஒரு பச்சைக் குழந்தை இருந்தது.

அவருக்குப் பிள்ளை பிறந்த சேதி எங்கள் ஒருவருக்கும் வந்திருக்கவில்லை.

யார் சொல்லியும் அதுவரை வேரோனிக்கா தம்பியின் பெயரில் ஒரு பூசை கொடுக்கச் சம்மதித்ததில்லை. அந்தக் கார்த்திகையில், இறந்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் எழுதும் தாளைத் தானே கேட்டு வாங்கினார். முதல் வரியில் யோசப் என்று எழுதினார். இரண்டாம் வரியில் பேனாவை வைத்தார்... வைத்தபடியே இருந்தார்.

சுவாமியார் கிட்ட வந்து கேட்டார். "மற்ற ஆளின்ரை பேர் என்ன, அம்மா?"

வேரோனிக்கா இருந்த கோயில் வாங்கில், பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

"பொறுங்கோ, பாதர். கேட்டுச் சொல்லுறன்."