குடலின் குடிமக்களை அறிந்த ஜஹானாரா அம்மையாருக்கு

கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்களின் குணம் அறிந்த குணவதியே! பிறர் முகம் சுளிக்கும் பொருளை முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் ஆராய்ந்த முத்தே! கிழக்குத் தாம்பரத்தில் நம் மருத்துவமனை ஓட்டுக் கட்டடமாக இருந்த 1978 முதல், மூன்று மாடியாக நிமிர்ந்து நிற்கும் இந்த 2009 வரை, கீழ்த்தளத்து நுண்ணுயிர் ஆய்வகத்தின் நீங்காத நிழலே! வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். எனக்கும் ஏறக்குறைய உங்கள் வயதுதான். ஆகவே வாழ்த்துகிறேன்.

உங்கள் பணி ஓய்வு விழாவுக்கான இந்த வாழ்த்து மடலை எழுதும் பொறுப்பைப் பணியாளர்கள் பொது மருத்துவனாகிய என்னிடம் கொடுத்தார்கள். தோத்தாத்ரி சாருக்குத் தமிழ் நன்றாக வரும் என்றார்கள். தமிழ் வரும். உங்களைப் பற்றிப் பேசும்போது வயிற்றெரிச்சலும் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மனிதக் குடல் வெறும் கழிவுக் குழாய் அன்று. அங்கே குடியிருக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை நம்மை அண்டி வாழ்ந்து நமக்கே உதவுபவை. நம்மால் செரிக்க முடியாத நாரைச் செரித்துக் கொடுப்பவை, சில வைட்டமின்களை உண்டாக்குபவை, தீய கிருமி வந்தால் இடம் கொடாமல் விரட்டுபவை என்று செவிலியர் முதல் கேண்டீன் சேட்டு வரை எல்லோருக்கும் புரியும் தமிழில் எடுத்துரைத்த அறிவுச் செல்வியே! அந்தச் சேட்டு, வயிறு சரியில்லை என்றால் மாடியேறி என்னிடம் வரமாட்டார். உங்களிடம்தான் வருவார். என் அறை வாசலில் பட்டங்கள் நான்கு வரியில் பலகையாகத் தொங்குகின்றன. உங்கள் அறை வாசலில் ஆட்கள் நின்றார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

மலப் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் டப்பாவை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது மற்றவர்களின் வழக்கம். நீங்கள் உட்காரவைத்து, என்ன சாப்பிட்டார்கள், என்ன மாத்திரை விழுங்கினார்கள், எத்தனை நாளாக என்று கேட்டு, முடிவுச் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் குறித்து அனுப்புவீர்கள். செவிலியர்கள் புரட்டிப் பார்ப்பார்கள். மருத்துவர்கள் நாங்கள் முன்பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டுக் கோப்பில் சேர்த்துவிடுவோம். பரிசோதகர் எழுதும் பென்சில் குறிப்பைப் படித்தால் எங்கள் கௌரவம் என்னாவது?

2004இல், கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே ஒரு கடலோரக் குப்பத்திலிருந்து ஜீவரத்தினம் என்ற மீன்கார அம்மாள் காலில் சீழ்ப் புண்ணோடு வந்து சேர்ந்தார். நான் ஆன்டிபயாடிக் கொடுத்தேன். புண் ஆறியது, பேதி தொடங்கியது. அதைவிட வீரியமானதைக் கொடுத்தேன். பேதி கூடியது. மூன்றாவதாக ஊசியில் ஒன்றை ஏற்றினேன். காய்ச்சலில் அவருக்கு நினைவு தப்பியது. மூன்று முறை மலப் பரிசோதனைக்கு எழுதினேன். மூன்று முறையும் வழக்கமான நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை என்று சீட்டு வந்தது. மூன்றிலும் கையெழுத்திட்டேன். ஒன்றையும் புரட்டவில்லை.

எட்டாம் நாள் நீங்களே வார்டுக்கு ஏறி வந்தீர்கள். எல்லோர் முன்னிலையிலும் சொன்னீர்கள்: “சார், வெளிய இருந்து எதுவும் வரல. அவங்க குடல்ல இருந்த நல்லதை எல்லாம் நம்ம மருந்தே காலி பண்ணிடுச்சு. அந்த எடத்துல கெட்டது ஒண்ணு வந்து உக்காந்திருக்கு. முதல்ல இந்த ஊசியை நிறுத்துங்க.”

உங்கள் வேலை கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டோடு முடிகிறது என்று நான் சத்தம் போட்டேன். நீங்கள் நகரவில்லை. நகரத்துப் பெரிய ஆய்வகம் ஒன்றுக்கு மாதிரியை அனுப்பவைத்தீர்கள். அந்தக் கெட்ட கிருமியின் நஞ்சு இருப்பதாக முடிவு வந்தது. ஊசியை நிறுத்தி, அந்த ஒன்றுக்கு மட்டுமான மாத்திரையைக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். அப்புறம்தான் கோப்பைத் திறந்து சீட்டுகளைப் புரட்டினேன். மூன்றின் பின்பக்கத்திலும் “நிறுத்தலாமா?” என்று எழுதியிருந்தது. முதல் சீட்டையே நான் புரட்டியிருந்தால் ஜீவரத்தினம் சாவின் வாசல் வரை போயிருக்க மாட்டார்.

அடுத்த ஆண்டு மருத்துவர் சங்கக் கூட்டத்தில் அதை நான் கண்டுபிடித்ததாகப் பேசினேன். கேடயம் கொடுத்தார்கள். உங்கள் பெயரைச் சொல்ல மறந்துவிட்டதாக நான்கு ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிவருகிறேன். மறக்கவில்லை அம்மா, விட்டேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து நீங்கள் கைதட்டினீர்கள். திட்டியிருந்தால்கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கும். அந்தப் பொறுமையும் என்னிடம் இல்லாததுதான்; அதன் மேலும் பொறாமைப்பட்டேன்.

கண்டுபிடித்தவர் ஜஹானாரா என்று சங்கத்துக்கு நேற்று கடிதம் அனுப்பிவிட்டேன். அனுப்பும்போது மனம் நிறையவில்லை. பிடுங்கிக் கொடுத்தது போலத்தான் இருந்தது. இந்த மடல் சட்டமிடப்பட்டு மாடம்பாக்கத்தில் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கப்போகிறது. நான் செய்ததும் சேர்ந்தே தொங்கட்டும்.

பசித்துப் புசித்து, புசித்தது செரித்து, செரித்தது செம்மையாய் உடலில் சேர்ந்து, மக்களும் பேரப்பிள்ளைகளும் சூழ நூறாண்டு கடந்து வாழ்வீராக!

இந்தக் கடைசி வரிகளை விழா அரங்கில் உட்கார்ந்து சேர்க்கிறேன். இதோ முதல் வரிசையில், வஞ்சிர மீன் பையோடு ஜீவரத்தினம் உட்கார்ந்திருக்கிறார். மீன் உங்களுக்கு. காலையில் வாசலில் அவரைப் பார்த்து வணக்கம் சொன்னேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. அன்று நானும் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“நீயும் அந்தம்மா கீழதான் வேல செய்றியா சார்?”

ஆமாம் என்றேன்.

தாம்பரம்,
30.6.2009

உங்கள் கீழ் வேலை பார்த்த
தோத்தாத்ரி,
மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வகத்தார், கேண்டீன் பணியாளர்கள் அனைவருக்காகவும்