கிண்ணியாவில் மறிக்கப்பட்ட கப்பல் பயணி

பெயர்: கோணாமலை பத்மாசனி. வயது: இருபத்து நான்கு. முகவரி: கோயிலடி, சல்லி, திருகோணமலை. தந்தை: கோணாமலை, கடற்றொழில். கல்வி: கலைப் பட்டதாரி. தொழில்: நிரந்தரத் தொழில் இல்லை. பயணிகள் கப்பல் வரும் நாட்களில் மட்டும் வழிகாட்டும் வேலைக்கு அழைக்கப்படுவேன்.

1977ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், பொலிஸ் நிலையத்தில், சார்ஜன்ட் இராசதுரை அவர்கள் முன்னிலையில், எனது வேண்டுகோளின்படி என் கைப்பட எழுதிக்கொடுக்கும் வாக்குமூலமாவது:

நேற்றுக் காலை கப்பல் உள்துறைமுகத்தில் நங்கூரமிட்டது. பயணிகள் லோஞ்ச் படகுகளில் இறங்குதுறைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுக்குச் சுற்றுலா ஒழுங்கு செய்திருந்த கம்பனியின் ஆள் திரு. சிவகுருநாதன் என்னை வரச்சொல்லியிருந்தார். நான் போனதும், பஸ்ஸுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டதாகச் சொல்லி ஓரமாக நிற்கச் சொன்னார். அதன் பின்பு திருமதி பெல்லமி என்ற ஆங்கிலேயப் பெண்மணி, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், பஸ்ஸில் ஏற மறுத்தார். எந்தத் துறைமுகத்திலும் பஸ் கண்ணாடியூடாகவே ஊரைப் பார்த்துச் சலித்துவிட்டதாகவும், இன்று தனியாகப் போகப்போவதாகவும் சொன்னார். வாசலில் நின்ற வாடகைக் கார்களில் கிண்ணியாவைச் சேர்ந்த லாபிர் அவர்களின் காரை அவரே தெரிந்தெடுத்தார். லாபிர் அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாதபடியால் என்னையும் வரும்படி கேட்டார். நான் திரு. சிவகுருநாதனைப் பார்த்தேன். அவர், "போறதெண்டால் போங்கோ பிள்ளை. அடுத்த கப்பலுக்கு உங்களைத் தேடமாட்டன்" என்றார். நான் போனேன்.

அதன் பின்பு கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் போனோம். மதியமானபோது திருமதி பெல்லமி சாப்பிட ஏதாவது கடை இருக்கிறதா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன். லாபிர் அவர்கள் காரை ஓரமாக நிறுத்தி, தன் காரில் வந்தவர் தன் வீடு இருக்கக் கடையில் சாப்பிட்டார் என்றால் கிண்ணியாவில் தலை காட்ட ஏலாது என்று சொன்னார். இதை அந்தப் பெண்மணியிடம் சொன்னபோது அவர் கைதட்டினார். இப்படி ஒரு வீட்டுக்குப் போகத்தான் தான் பஸ்ஸை விட்டு வந்ததாகச் சொன்னார். அவரை ஒருவரும் வற்புறுத்தி அங்கு கொண்டுபோகவில்லை.

விமானப்படைத் தளம் உள்ள சீனன்குடாவைக் கடக்கும்போது படம் எடுக்கக்கூடாது என்று சொன்னேன். அவர் கமெராவைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதன் பின்பு கிண்ணியாத் துறையில், வாகனங்களை ஏற்றி மறுகரை சேர்க்கும் பாதை என்ற மிதவையில் கார் ஏற்றப்பட்டது.

வீட்டில் லாபிர் அவர்களின் மனைவி சித்தி பரீதா என்பவர் இருந்தார். அவருக்கு முன்கூட்டியே அறிவிக்க வழி இருக்கவில்லை. ஆகையால் இறால் ஒரு வீட்டிலிருந்தும், எருமைத் தயிர் இன்னொரு வீட்டிலிருந்தும், பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் அடுத்த வீட்டு ரபீக்கா என்பவரிடமிருந்தும் வந்தன. திருமதி பெல்லமி தன் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்து, கதிரையில் அமர்ந்து கையால் சாப்பிட்டார். அயல் பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். ரபீக்கா, "இந்தக் கிழவி நம்மளவிட நல்லாத் தின்னுது. கப்பலுக்கு அனுப்பாம இங்கயே ஒரு மாப்பிள்ளை பாப்பம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்ன கதை என்று அந்தப் பெண்மணி கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்து, மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்றார்.

அதன் பின்பு அவர் மணிக்கூட்டைப் பார்த்து, தான் போகவேண்டும் என்று சொன்னார். நான் அதைச் சொன்னேன். சித்தி பரீதா, தேத்தண்ணி குடிக்காமல் போவதா என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் எழும்பாமல் இருந்தார். தேத்தண்ணி முடிந்ததும் மறுபடியும் போகவேண்டும் என்றார். தொதல் என்ற இனிப்புக் கிண்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டிலிருந்து சுடச்சுடக் கொண்டுவர ஆள் போயிருப்பதாகச் சொல்லி மறித்தார்கள். மூன்றாம் முறையும் சொன்னார். ஆறட்டும், கட்டித் தருகிறோம் என்று மறித்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் என்னைப் பார்த்தார்.

அவர் மூன்று முறையும் கதிரையில் இருந்தபடியே சொன்னார். கிண்ணியாவிலும் சரி, எங்கள் சல்லியிலும் சரி, இருந்தபடி சொல்வது விருந்தாளியின் மரியாதை. மறிப்பது வீட்டாரின் மரியாதை. உண்மையில் போகவேண்டியவர் எழும்பிப் போய் வாசலில் செருப்பைப் போடுவார். செருப்பைப் போட்டவரை ஒருவரும் மறிப்பதில்லை. சொன்னவுடனே போக விடுவது, வந்தது போதும் என்று சொல்வதற்குச் சமம். இதை நான் ஒரு புத்தகத்திலும் படிக்கவில்லை. படிக்கவேண்டிய விடயம் என்று நினைத்ததும் இல்லை. ஆகையால் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. கடைசி லோஞ்ச் எத்தனை மணிக்கு என்று அவர் எங்களிடம் சொல்லவில்லை. தான் எழும்பவேண்டிய நேரத்தை நாங்கள் சொல்வோம் என்று அவர் காத்திருந்தார் என நினைக்கிறேன். அவர் எழும்பட்டும் என்று நாங்கள் காத்திருந்தோம்.

அதன் பின்பு தொதல் பார்சலுடன் புறப்பட்டோம். பாதை மறுகரையில் நின்றது. அது வரும்வரை லாபிர் அவர்கள் தண்ணீரின் ஓரத்தில் நின்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

இறங்குதுறையில் பொலிசாரும், கப்பல் அதிகாரி ஒருவரும், திரு. சிவகுருநாதனும் நின்றார்கள். கப்பல் இவருக்காகத் தாமதமாகியிருந்தது. பயணி காணாமல் போனதாகப் பொலிசுக்கு அறிவித்தவர் தான்தான் என்று திரு. சிவகுருநாதன் பிற்பாடு என்னிடம் சொன்னார். கப்பல் அதிகாரி எல்லோர் முன்னிலையிலும் திருமதி பெல்லமியை ஒரு பள்ளிப் பிள்ளையை ஏசுவது போல ஏசினார். அவருடைய முகம் சிவந்தது. அதன் பின்பு அவர், தான் மூன்று தரம் போகவேண்டும் என்று சொல்லியும் அந்த வீட்டார் விடவில்லை என்றும், தன்னை அங்கேயே வைத்துக்கொள்வது பற்றிச் சொல்லிச் சிரித்தார்கள் என்றும் சொன்னார். அங்கு நின்ற இன்ஸ்பெக்டர் அதை ஆங்கிலத்திலேயே எழுதி அவரிடம் கையொப்பம் வாங்கினார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதனால் எனக்கு மறுக்க ஏலாமல் இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் லோஞ்சில் ஏறினார். தொதல் பார்சல் அவருடைய கையில் இருந்தது.

லாபிர் அவர்கள், "அம்மா என்ன சொல்றாங்க தங்கச்சி? நம்மட சாப்பாட்டப் பத்தியா?" என்று கேட்டார். நான் உள்ளபடி சொன்னேன். பிறகு சார்ஜன்ட் அவர்கள் லாபிர் அவர்களிடம் அது உண்மையா என்று கேட்டபோது, "ஓம் சேர், போகணும் எண்டு சொன்னாங்க. நாங்க விடல்ல. எப்பிடி விடுற?" என்றார். அதன் பின்பு அவரை நிலையத்துக்குக் கொண்டுபோய்த் தடுத்து வைத்தார்கள்.

இன்று காலை நிலையத்து வாசலில் திரு. சிவகுருநாதன் என்னைச் சந்தித்து, "காருக்குள்ள இருந்தனான், உள்ள நடந்தது தெரியாது எண்டு சொல்லுங்கோ பிள்ளை. படிச்ச பிள்ளைக்கு ஒரு பொலிஸ் கேஸ் தேவையோ? அடுத்த கப்பலுக்குக் கூப்பிடுவன்" என்றார். நான் காருக்குள் இருக்கவில்லை. பாயில் இருந்தேன், இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

அதன் பின்பு சார்ஜன்ட் அவர்கள், லாபிர் அவர்கள் நேற்றுச் சொன்னதாக எழுதப்பட்டதை எனக்கு வாசித்துக் காட்டி, நான் கேட்டதும் இதுதானா என்று விசாரித்தார். அதில், போகவேண்டும் என்று பயணி சொன்னார், நாங்கள் விடவில்லை என்ற இரண்டு வசனங்கள் இருந்தன. மூன்றாவது வசனம் இருக்கவில்லை. நான் அதைச் சொன்னபோது, அது கேள்வி, பதில் அல்ல, கேள்வி கேட்பது பொலிசார் வேலை என்றார். அவர் வெருகலைச் சேர்ந்தவர் என்பதால், வெருகலில் விருந்தாளி போகிறேன் என்றதும் எழுப்பி அனுப்பிவிடுவார்களா என்று கேட்டேன். அவர் பேனையை என் பக்கம் தள்ளி, வேண்டுமானால் நானே எழுதும்படி சொன்னார்.

உள்ளே வரும்போது கம்பிக்குப் பின்னால் நின்ற லாபிர் அவர்கள், கப்பல் போய்விட்டதா என்று என்னைக் கேட்டார். இரவே போய்விட்டது என்றேன். "அப்ப இனி ஆரிட்ட கேப்பாங்க?" என்றார். முறைப்பாடு இங்கே இருக்கிறது. முறையிட்டவர் கடலில் இருக்கிறார். அந்த வீட்டில் இருந்தவர்களில் அவர் சொன்ன மொழியும் வீட்டார் சொன்ன மொழியும் விளங்கியவள் நான் ஒருத்திதான்.

ஆகையால், பயணி போகக் கேட்டாரா என்ற கேள்விக்கு என் பதில்: கேட்டார். வீட்டார் மறித்தார்களா என்ற கேள்விக்கு என் பதில்: மறித்தார்கள். லாபிர் அவர்கள் இதற்கு மேல் ஏதும் சொன்னாரா என்ற கேள்வி என்னிடம் கேட்கப்படவில்லை. அவர் "எப்பிடி விடுற?" என்று சொன்னார். அதை நான் என் காதால் கேட்டேன்.

இதில் உள்ளவை நான் கண்டவையும் கேட்டவையும் மட்டுமே. எவருடைய பயமுறுத்தலுக்கோ தயவுக்கோ இதை எழுதவில்லை. எழுதியதைத் திரும்ப வாசித்தேன். கூட்டவோ குறைக்கவோ ஏதும் இல்லை எனக் கண்டு, கடைசி வரியின் கீழ் இடம் விடாமல் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) கோ. பத்மாசனி