காலர் வரைபடம்

இல்லைங்க வக்கீல் சார், ஃபேன் வேணாம், வேர்க்கறது வெக்கையால இல்ல. தங்கச்சி கீழ ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள ஒண்ணு கேட்டுக்கறேன். நம்ம தரப்புல மறுப்பு அனுப்பினா, புகார் கொடுத்தது யாருன்னு பேர் வந்துருமா?

விலாசத்தோடயா? சரி. இப்ப வந்திருக்கற நோட்டீஸ்ல வெறும் மெயில் விலாசம்தானே, ஏதோ எழுத்தும் நம்பருமா, அதான் கேட்டேன்.

அவளோட தையல் சேனல் ஆறு வருஷமா ஓடுச்சு சார். நானூறு வீடியோ. வீட்டுக்காரர் விட்டுட்டுப் போனப்புறம் அதை வெச்சுத்தான் தன் கால்ல நின்னா. ஒரே காலையில, காப்பிரைட் புகாராம், மொத்தமும் காணோம். நாலு நாளா சரியா சாப்பிடல. என் மடியில படுத்துக்கிட்டு, எந்தப் பொறாமை புடிச்ச ஜென்மம்க்கா இதைப் பண்ணுச்சுன்னு அழறா. நானும், ஆமாடி, நல்லாவே இருக்காதுன்னேன். சொன்ன வாயி இன்னும் கசக்குது.

நான் கடையில தைக்கறவ சார். எனக்குப் பேச வராது. இப்ப பேசறேனேங்கறீங்களா? இது பயத்துல வர்றது. அவளுக்குக் கத்தரியே சரியாப் பிடிக்க வராது, ஆனா பேச ஆரம்பிச்சா ஊரே வாயைப் பொளந்துக்கிட்டுக் கேக்கும். காலரை ஒட்டு தெரியாம திருப்பறதுக்கு ஒரு வரைபடம் உண்டு. மூணு வருஷம் துணியைக் கெடுத்துக் கெடுத்து, பழுப்புக் காகிதத்துல நான் வரைஞ்சது. அவ மூணு வீடியோவுல அதைக் காட்டிட்டு, இது என் சொந்த முறைன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றா. அக்கான்னு ஒரு வார்த்தை வரல.

ஓ, தைக்கிற முறைக்கு உரிமை கிடையாதா? வரைஞ்ச படத்துக்கு உண்டா? அப்ப புகார் தப்பில்லைங்கறீங்க. அதைக் கேட்டா இன்னும் கேவலமாத்தான் இருக்கு.

நேராக் கேட்டிருக்கலாம்தான். கூடப் பொறந்தவகிட்ட என் பேரைச் சொல்லுடின்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது? அந்தப் புகார்ப் படிவத்துல, உரிமையாளர் பேர்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதை நிரப்பினா வீடியோவுக்குக் கீழ அந்தப் பேரைப் போட்டுருவாங்கன்னுதான் யாரும் நினைப்பாங்க. மூணு வீடியோ, மூணு படிவம். மூணு புகார் சேர்ந்தா சேனலையே தூக்கிருவாங்கன்னு எந்தத் தையக்காரிக்கு சார் தெரியும்?

என்ன அப்படிப் பாக்கறீங்க? சரி, அதை விடுங்க. புகார் கொடுத்தவங்களே வாபஸ் வாங்கிட்டா சேனல் திரும்ப வந்துருமா? நானூறும்? அப்ப மறுப்பெல்லாம் வேணாம், வாபஸ் கடுதாசியே எழுதுங்க. கையெழுத்து எங்க போடணும், இங்கயா? பேனா குடுங்க.

படியேறி வர்றா. இல்ல சார், நீங்க சொல்ல வேணாம், நானே சொல்றேன். அந்த நாற்காலியை மட்டும் இப்படி இழுத்துப் போடுங்க, அவ உக்காந்துக்கிட்டுக் கேக்கட்டும்.