கதவைத் திறந்த கவுன்

அவள்: ஆடாதீங்க.

அவர்: ஆடலை. மூச்சு விடறேன்.

அவள்: அதையும் கொஞ்சம் நிறுத்துங்க. இடுப்புல மடிப்புப் பிடிச்சிட்டிருக்கேன்.

அவர்: உன் கவுனுக்கு என் இடுப்புல எதுக்கு மடிப்பு?

அவள்: என் முதுகுல நானே குண்டூசி குத்திக்க முடியுமா? உங்க முதுகு சும்மாதானே இருக்கு.

அவர்: கல்யாணத்தப்ப இதைச் சொல்லவே இல்லையே. பொண்டாட்டி கவுனை மாட்டிட்டு நடு வீட்டுல நிக்கணும்னு...

அவள்: இது கவுன் இல்லை. பழைய பெட்ஷீட். முதல்ல இதுல வெட்டிப் பார்த்து, சரியா வந்ததுக்கு அப்புறம்தான் நல்ல துணியில கத்திரி வைப்பேன்.

அவர்: போன வாரம் நேரா நல்ல துணியிலயே வச்சியே...

அவள்: அதை ஞாபகப்படுத்தாதீங்க.

அவர்: நீலத் துணி. பளபளன்னு...

அவள்: எங்கம்மா பிறக்கறதுக்கு முந்தி அச்சடிச்ச, துணி மேல வச்சு வெட்டற அளவுப் பேப்பருங்க அது. மேல பதினாலுன்னு போட்டிருந்தது. நான் கடையில வாங்கற அளவும் பதினாலு. நம்பி வெட்டிட்டேன். அந்தக் காலத்துப் பதினாலுக்குள்ள இந்தக் காலத்துப் பதினாலு நுழையாதுன்னு யார் கண்டா?

அவர்: அப்புறம் அது என்ன ஆச்சு?

அவள்: தலையணை உறை ஆச்சு.

அவர்: ஓ... அதான் தலையணைக்குக் காலர் இருக்கா! ராத்திரியெல்லாம் கன்னத்துல உறுத்துது.

அவள்: சிரிக்காதீங்க. ஊசி நழுவுது.

அவர்: இப்ப நீ போட்டிருக்கற பச்சைக் கவுன் மட்டும் எப்படி இவ்வளவு நல்லா வந்தது?

அவள்: நிஜமாவா?

அவர்: நிஜமா. அந்தச் சின்னக் காலர், புஸ்ஸுனு இருக்கற கை, பக்கத்துக்கு ஒரு பை... பழைய போட்டோவுக்குள்ள இருந்து இறங்கி வந்த மாதிரி இருக்க. இப்படியே மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வாயேன்.

அவள்: ஆரம்பிச்சிட்டீங்களா?

அவர்: பின்ன என்ன? அலமாரி நிறைய தைச்சுத் தொங்க விட்டிருக்க. வாசல் மணி அடிச்சா ஓடிப் போய் நைட்டியை மாட்டிக்கற. பால்காரர், நீ நைட்டியோடயே பிறந்தவன்னு நினைச்சிட்டிருப்பார்.

அவள்: நினைக்கட்டும்.

அவர்: எதுக்குத்தான் இப்படிப் பயப்படறியோ...

அவள்: ஒரு தடவை போட்டுட்டுப் போனேனே. பஸ்ல ஒருத்தி, எந்த நாடகத்துல நடிக்கறீங்கன்னு கேட்டா. சத்தமா. முன் சீட்டுல இருந்து பின் சீட்டு வரைக்கும் எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அடுத்த ஸ்டாப்புலயே இறங்கி நடந்து வந்தேன். உங்களுக்குத் தெரியாதா?

அவர்: தெரியும். அதுக்காக...

அவள்: நாடகத்துக்குன்னா நான் தைச்சிருக்கவே மாட்டேன். பாத்திரம் தேய்க்க, காய் வாங்க, எங்கயாவது வேலை கிடைச்சாப் போக... எல்லாத்துக்கும் இதுதான் வேணும்னுதான் தைக்கறேன். இடுப்பு இடுப்புல நிக்குது. கையைத் தூக்கினா தோள் பிடிக்கலை. பையில சாவி, சில்லறை எல்லாம் போகுது. ஆனா... வாசப்படி தாண்டினா காலு வர மாட்டேங்குது.

அவர்: வரும். ஒரு தடவை தாண்டிட்டா வரும்... மணி என்ன இப்போ?

அவள்: பதினொண்ணு ஆகப் போகுது. ஏன்?

அவர்: சும்மாதான். நீ குத்து.

அவள்: கையைத் தூக்குங்க... இன்னும் கொஞ்சம்... அப்படியே நில்லுங்க.

அவர்: மணி அடிக்குது.

அவள்: கேக்குது.

அவர்: போய்த் திற.

அவள்: நீங்க போங்க.

அவர்: இப்படியா? பெட்ஷீட் கவுனோடவா? நான் ஃபேன் மாட்டற வீட்டுக்காரங்க யாராவது பார்த்தா, அப்புறம் ஏணி மேல ஏற விடுவாங்களா?

அவள்: அப்ப... ஒரு நிமிஷம் இருங்க. நைட்டியை மாட்டிட்டு வந்துடறேன்.

அவர்: ரெண்டாவது தடவை அடிக்கறாங்க. திரும்பிப் போயிடப் போறாங்க.

அவள்: என்னங்க... இந்தக் கவுனோடயா?

அவர்: அதோடதான். போய்த் தாழ்ப்பாளை இழு.

அவள்: நீங்க கதவுக்குப் பின்னால போங்க... ம்... வாங்கம்மா. யாரு வேணும்?

வந்தவர்: ஃபேன் வேலை பார்க்கறவர் வீடு இதுதானேம்மா? பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல துணிக்கடை வச்சிருக்கேன். இந்தப் பக்கமா வந்தேன், அப்படியே... அட. நீங்க போட்டிருக்கறது... ஏதாவது விழாவுக்கா? இல்ல நாடகத்துக்கா?

அவள்: இல்லைங்க.

வந்தவர்: பின்ன?

அவள்: இது... தினமும் போட்டுக்கறது. காலையில இதோடதான் பாத்திரம் தேய்ச்சேன். இங்க பாருங்க, சோப்புத் தண்ணி தெறிச்சிருக்கு.

வந்தவர்: கொஞ்சம் திரும்புங்க... யார் தைச்சது?

அவள்: நான்தான்.

வந்தவர்: ஓரத்தை உள்பக்கமாப் பார்க்கலாமா? அடேயப்பா, எதுக்கு உள்ள இவ்வளவு துணி விட்டிருக்கீங்க?

அவள்: உடம்பு ஏறினாப் பிரிச்சு விட்டுக்கலாம். இறங்கினாப் பிடிச்சுக்கலாம். பழைய துணியையெல்லாம் பிரிச்சுப் பாருங்க, இப்படித்தான் விட்டிருப்பாங்க. ஒரு கவுனை வருஷக் கணக்காப் போடணும் இல்லையா?

வந்தவர்: இதைத்தான் தேடிட்டிருந்தேன். கடைக்கு வர்றவங்க, பழைய மாடல்ல, பை வச்சு, வேலைக்குப் போட்டுட்டுப் போற மாதிரி கேக்கறாங்க. நான் போய் யார்கிட்ட சொன்னாலும் ஜிகினா ஒட்டிக் கொண்டு வந்து கொடுக்கறாங்க.

அவள்: ஜிகினாவா? ஐயோ.

வந்தவர்: உங்க வீட்டுக்காரர் எங்க கடையில ஃபேன் மாட்ட வந்தப்பவே அவர் சட்டைக் காலர்ல இதே தையலைப் பார்த்து வச்சேன். உள்ள இருமறது அவர்தானே?

அவள்: அவர்தான். வெளிய வர மாட்டார்.

வந்தவர்: ஏன், உடம்பு சரியில்லையா?

அவள்: உடம்பு நல்லாத்தான் இருக்கு. உடுப்புதான் சரியில்லை.

வந்தவர்: சரி, விஷயத்துக்கு வரேன். முதல்ல மூணு தைச்சுக் கொடுங்க. துணி நான் தரேன். ஆனா ஒண்ணு... கடைக்கு நீங்க இதைப் போட்டுட்டுத்தான் வரணும்.

அவள்: இதையா? பொம்மைக்கு மாட்டி வச்சா...

வந்தவர்: பொம்மை பஸ்ல ஏறி வருமா? இதைப் போட்டுட்டு நடக்கலாம், குனியலாம், கூட்டத்துல நிக்கலாம்னு பார்க்கறவங்களுக்குத் தெரியணும்ல?

அவள்: பஸ்லயா...

வந்தவர்: பஸ்லதான்.

அவள்: நாடகமான்னு யாராவது கேட்டா?

வந்தவர்: என்கிட்ட இப்ப சொன்னீங்களே, அதையே சொல்லுங்க.

அவள்: சரிங்க. நாளைக்கே வரேன்.

வந்தவர்: காலையில வாங்க. உள்ள இருக்கறவரே, நான் வரட்டுமா?

அவர்: வாங்கம்மா! நான் இப்ப வெளிய வர்ற நிலைமையில இல்லை!

அவள்: போயிட்டாங்க. வெளிய வாங்க.

அவர்: அழறியா?

அவள்: இல்லை. சிரிக்கறேன்... ரெண்டும்தான்.

அவர்: ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.

அவள்: சொல்லுங்க.

அவர்: அவங்க சும்மா வரலை. நான்தான் எதேச்சையா வந்த மாதிரி வரச் சொன்னேன். முன்னாடியே சொன்னா நீ நைட்டியை மாட்டிட்டு, தைக்கத் தெரியாதுன்னு சொல்லி அனுப்பிடுவ. அதான் மறைச்சேன்.

அவள்: நேத்து நீங்க குளிக்கப் போனப்ப உங்க போன் அடிச்சது. நான் எடுத்தேன். தையல் பார்க்க நாளைக்குப் பதினொரு மணிக்கு ஃபேன்காரர் வரச் சொன்னார், எந்த மாடின்னு இவங்க கேட்டாங்க. நான் யாருன்னு சொல்லாம, மூணாவது மாடின்னு மட்டும் சொல்லி வச்சிட்டேன்.

அவர்: அடிப்பாவி! தெரிஞ்சேதான் இருந்தியா? அப்புறம் எதுக்கு என்னைச் சரியா இந்த நேரத்துல இந்தக் கோலத்துல நிக்க வச்ச?

அவள்: நீங்க சும்மா இருந்தா, மணி அடிச்சதும் உங்களைத் திறக்கச் சொல்லிட்டு நான் உள்ள ஓடியிருப்பேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? எனக்கு ஓட வழியே இருக்கக் கூடாதுன்னுதான் உங்களை ஊசியால கட்டிப் போட்டேன்.