கிளட்சுக்குக் கட்டுப்படாத பம்ப்

அந்த டிராக்டருக்கு என் மாமனாரைவிட இரண்டு வயது கூடுதல். இரண்டு பேருமே காலையில் நன்றாக இருமி, புகை விட்ட பிறகுதான் வேலைக்கு இறங்குவார்கள். எழுதிக்கொள்ளுங்கள், சார். நிதானமாகவே சொல்கிறேன்.

பழைய வண்டி. பின்னால் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்ப் கிளட்ச் வழியாகத்தான் ஓடும். கிளட்சை மிதித்தால் பம்ப் நின்றுவிடும். கலப்பை அந்தரத்தில் அப்படியே நிற்கும். நாற்பது வருடமாக மாமனாருக்கு அதுதான் பழக்கம். லிவரை மேலே இழுத்துவிடுவார். வேண்டிய உயரம் வந்ததும் கிளட்சை ஒரு மிதி. கையைவிடக் காலுக்குத்தான் அறிவு அதிகம் என்பது அவர் கொள்கை.

படித்த மாப்பிள்ளை பற்றியும் ஒரு கொள்கை வைத்திருந்தார். சாப்பிடும்போது தினமும் விளக்குவார்.

"மாப்ள, உங்க பட்டத்தை அந்த கேட்ல மாட்டி வைங்க. மாடாவது பயந்து உள்ள வராம இருக்கும்."

அதனால் கூடுதலாக ஒரு பம்ப் வாங்கி இன்ஜினின் முன்பக்கத்தில் பொருத்தினேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆனது. இன்ஜின் ஓடும்வரை இந்தப் பம்ப்பும் ஓடும். கிளட்சை மிதித்தாலும் தூக்குவது நிற்காது. நிறுத்த வேண்டுமானால் லிவரை இறக்க வேண்டும். விற்றவர் இதை என்னிடமும் என் மனைவியிடமும் இரண்டு முறை சொன்னார். "ஓட்டுறவர்கிட்ட முதல்ல இதைச் சொல்லிடுங்க."

சொல்லத்தான் போனேன். மாமனார் பம்ப்பைச் சுற்றிவந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, கிழவனுக்குப் பொய்ப்பல் கட்டியிருக்கீங்களா? கடிக்குமா?"

சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஒரே ஒருமுறை அவர் கால் பலிக்காமல் போகட்டும். கலப்பை அவர் பேச்சைக் கேட்காமல் மேலே போகட்டும். என்ன செய்வதென்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்க்கட்டும். அவ்வளவுதான் என் ஆசை. பெரிய ஆசை என்று யாரும் சொல்ல முடியாது.

கலப்பை மாட்டும்போது வழக்கமாக வண்டிக்கும் கலப்பைக்கும் நடுவில் நிற்கும் ஆள் அன்று வரவில்லை. அவர் வந்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு எழுதும் சிரமம் இருந்திருக்காது. என் மனைவி போய் நின்றாள். கீழே இரண்டு பக்கமும் மாட்டியாகிவிட்டது; கலப்பையைக் கொஞ்சம் தூக்கி, மேல் துளைகள் நேருக்கு நேர் வந்ததும் பின்னைச் செருக வேண்டும். குனிவதற்கு முன் என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, அப்பாகிட்ட கிளட்ச் விஷயம் சொல்லிட்டீங்கள்ல?"

"சொல்லியாச்சு."

இன்ஜின் சத்தத்தில் மாமனாருக்கு அது கேட்கவில்லை. அவள் குனிந்தாள்.

அவர் லிவரை இழுத்தார். சரியான உயரத்தில், சரியாகக் கிளட்சை மிதித்தார். கலப்பையின் இரும்புச் சட்டம் நிற்காமல் மேலே வந்து, அவளை வண்டியின் முதுகோடு சேர்த்து அழுத்தியது. மறுபடி மிதித்தார். மறுபடியும். நான் ஆறடி தள்ளி நின்றிருந்தேன். 'லிவர்' என்று ஒரு சொல் போதும். அப்போதுதான் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் ஒரு நொடி பார்க்கலாம் என்று நின்றேன்.

பதினோரு நாளாக அவர் உங்கள் காவலில் இருக்கிறார். கிளட்சிலிருந்து கால் வழுக்கிவிட்டது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். வழுக்கவில்லை. நாளை நீதிமன்றத்தில் தவறான தகவல் பதிவாவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மனசாட்சி, அது இது என்று நீங்களாக எதையும் சேர்க்க வேண்டாம்.

நேற்று அவருக்கு மாற்றுத் துணி கொண்டுவந்தேன். கம்பிக்குள்ளிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்ல மாப்ள. பம்ப் அருமையாத்தான் இருந்துச்சு. எல்லாம் என் காலு."

மூன்று வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் முறை.

"பரவாயில்ல மாமா" என்றேன். வீட்டுக்குப் போனேன். அவள் போனதிலிருந்து நேற்றுதான் எனக்குப் பசித்தது. இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.