கன்னத்தில் போட்டுக்கொண்டவள்

வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை பட்டால் எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. ஈரத்தோடு வெயிலில் விரித்துவிட்டால் தானாக வெளுத்துவிடும். என் சட்டைகளை நானே துவைக்கிறவன் என்பதால் இது எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு சாந்தோம் கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது இசக்கியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். யுத்தக் காலத்தில் என் தங்கை ஆலிஸைக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்ட வைரவனின் தாய் அவள்.

"வாத்தியாரய்யா, கோர்ட்டுல சாட்சி சொன்னாளே, அவ ஒங்க வீட்டு வேலைக்காரி கிளாடிஸே இல்லன்னு பேசிக்கிடுதாவ. அவ யாருன்னு மட்டும் சொல்லுங்க. எம்புள்ளதான் போயிட்டான். இனிமே நான் யாரை என்ன செஞ்சிரப் போறேன்?"

மஞ்சள் பூசிக் குளித்த கை. என் சட்டையில் விரல்கள் பதிந்துவிட்டன. வீட்டுக்கு வந்து துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் சாப்பிட முடிந்தது.

அவளுடைய சந்தேகம் நியாயமானதுதான். சாட்சி சொன்னவள் கிளாடிஸ் இல்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று நாற்பத்திரண்டில் பட்டணமே காலியானது. எங்கள் தெருவில் எல்லா வீடும் பூட்டு. கிளாடிஸும் வேலூருக்கு ரயிலேறினாள். போன இடத்தில் காலராவில் இறந்தாள். வேலைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்ததால் அவள் முகம் அக்கம்பக்கத்தில் யாருக்கும் பதியவில்லை. அவள் போன மறுநாள்தான் ஆலிஸ் கிணற்றில் கிடந்தாள். கழுத்தில் கயிற்றுத் தடம் இருந்தது.

வைரவன் தியாகராய நகரில் தன் மாமாவின் ஜவுளிக்கடையில் இருந்தவன். ஆலிஸைத் தேடி வந்து, கிணற்றடியிலேயே உட்கார்ந்து அழுதான். போலீசார் அங்கேயே பிடித்தார்கள். வடபழனி கோயிலில் அவளுக்குத் தாலி கட்டியிருப்பதாகச் சொன்னான். பிணத்தின் கழுத்தில் நாங்கள் அணியும் துணிப்பட்டை, கார்மேல் மாதாவின் உத்தரியம், மட்டும்தான் இருந்தது. ஆகவே யாரும் நம்பவில்லை. ஆனாலும் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். வேலைக்காரி பார்த்திருக்கிறாள், பயந்து ஓடிவிட்டாள், அழைத்து வருகிறேன் என்றேன்.

கிளாடிஸாக நடிக்க நான் கூட்டிவந்த சொர்ணம் நாடகக் கம்பெனியில் இருந்தவள். இருட்டடிப்பில் நாடகங்கள் நின்றுபோய் வேலையில்லாமல் இருந்தாள். வெற்றிலைச் சாறு உதட்டோரம் வழிய, என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து மந்திரங்களைக் கற்றுக்கொண்டாள். அவள் போனதும் நாற்காலியைக் கழுவிவிடுவேன்.

"இன்னா சார், உங்க சாமிக்குக் கன்னத்துல போட்டுக்க வேணாமா? கோச்சிக்க மாட்டாரா?"

"வேண்டாம். சிலுவை மட்டும் போடு."

"ராணி வேசம் கட்டுனவ சார் நானு. இது இன்னா பிரமாதம்?" கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "அந்த ஆளு நெசமாவே கொன்னானா சார்?"

"அருள் நிறைந்த மரியே மந்திரத்தை இன்னொரு முறை சொல்" என்றேன்.

ஹைகோர்ட்டில் அவள் வேதபுத்தகத்தை முத்தமிட்டு, அழகாகச் சொன்னாள். வைரவன் ஆலிஸின் கழுத்தை நெரித்ததை ஜன்னல் வழியே பார்த்தாளாம். ஜூரிகளில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது அர்மீனியன் தெருக் கோயிலில் உச்சிவேளை மணி அடித்தது. எங்கள் வேதத்தில் பிறந்தவர்கள் அந்த மணிக்குச் சிலுவை போட்டுத் திரிகால ஜெபம் சொல்வோம். சொர்ணம் கண்ணை மூடி, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

வைரவனின் வக்கீல் அதைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, நீ கிறிஸ்துவச்சிதானே? இது எந்தக் கோயில் பழக்கம்?"

அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கூண்டில் நின்ற வைரவனின் முகத்தில் அன்றுதான் முதல்முறையாக ரத்தம் ஓடியது. பிழைத்துவிட்டோம் என்று நினைத்திருப்பான். நான் பெஞ்சிலிருந்து எழுந்து, "புதிதாக ஞானஸ்நானம் வாங்கியவள், ஐயா. பழைய பழக்கம் இன்னும் கையை விடவில்லை" என்றேன். ஜூரிகள் சிரித்தார்கள். ஜட்ஜும் சிரித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

வைரவன் சொன்னது உண்மை. அன்று ஆலிஸ் ஊருக்குப் புறப்படத் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ரவிக்கையின் கழுத்தோரம் மஞ்சளாக இருந்தது. இழுத்துப் பார்த்தேன். உத்தரியத்தோடு உரசிக்கொண்டு ஒரு தாலிக்கயிறு. இரண்டும் ஒரே வியர்வையில் நனைந்து ஒட்டிக்கிடந்தன. அந்த அருவருப்பை என்னால் சொல்ல முடியாது.

"அண்ணா, அவர் நல்லவர். ஒரு வார்த்தை பேசிப் பாருங்க" என்றாள்.

அதைக் கழற்றத்தான் நினைத்தேன். புதுக் கயிறு, அறுந்து வரவில்லை. அவள் திமிறத் திமிற நானும் இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் அடங்கிய பிறகு கத்தரிக்கோல் எடுத்து வெட்டினேன். கத்தரிக்கோல் முதலிலிருந்தே மேசைமேல்தான் இருந்தது. உத்தரியத்தைத் துடைத்து நேராகப் போட்டுவிட்டுக் கிணற்றில் இறக்கினேன். கயிற்றைக் கடலில் எறிந்தேன். என் சட்டைக் கையில் இருந்த மஞ்சள் வெயிலில் போய்விட்டது.

ஆலிஸின் நினைவு நாளில் தவறாமல் பூசை வைக்கிறேன். அவளுக்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? சொர்ணத்தை நினைத்தால்தான் இன்றும் குமட்டுகிறது. வேதபுத்தகத்தை முத்தமிட்ட வாயால் எப்படித்தான் பொய் சொன்னாளோ. நான் பெஞ்சிலிருந்துதான் பேசினேன். சத்தியம் செய்யவில்லை.